வாசகர் கேள்வி: மூன்று தலைமுறைக் கதையை நாவலாக்குவது எப்படி?

கேள்வி: நான் செம்பூரில் வசிக்கிறேன். என் தாத்தாவும் பாட்டியும் 1950-களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர்கள். தாத்தாவுக்குத் தோல் பதனிடும் வேலை. பாட்டி இட்லி அவித்து விற்றார். மில் தொழிலாளியான பெரியப்பா 1982 வேலைநிறுத்தத்தில் வேலையிழந்தார். 1992-93 கலவரம், 2005 வெள்ளம் எல்லாவற்றையும் எங்கள் குடும்பம் பார்த்தது. இவற்றை வரிசையாக முந்நூறு பக்கம் எழுதிவிட்டேன். பாதிக்கு மேல் எனக்கே படிக்க ஓடவில்லை. பெரியப்பா எவ்வளவோ கேட்டும் பாட்டி வீட்டுக் காகிதங்களைக் கடைசிவரை கொடுக்காததையும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். நாவலை முழுதாகத் திட்டமிட்ட பிறகுதான் எழுத வேண்டுமா? முடிவு முன்பே தெரிந்திருக்க வேண்டுமா? மூன்று தலைமுறையினரும் மாறி மாறிக் கதை சொல்லலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

திட்டமிட வேண்டும். ஆனால் அத்தியாயங்களுக்கு எண் போடுவதற்கு முன்பு, எதைச் சுற்றித் திட்டமிடுவது என்பதை முடிவு செய்தாக வேண்டும். உங்கள் பக்கங்கள் ஆண்டு வரிசையில் நகர்கின்றன. ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அடுத்தது வருகிறதே தவிர, முன்னது நடந்ததால்தான் பின்னது நடந்தது என்று சொல்லும்படியான பிணைப்பு அவற்றுக்கிடையே இல்லை. பாதியில் வாசிப்பு நின்றுபோவதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் வீட்டுக் காகிதத்தில்தான் உங்கள் நாவல் இருக்கிறது. 1976-இல் மகாராஷ்டிர அரசு குடிசைப் பகுதிகளில் கணக்கெடுத்து, பதிவான குடும்பங்களுக்குப் போட்டோ பாஸ் என்ற படம் ஒட்டிய அடையாள அட்டையை வழங்கியது. பின்னாளில், 1995 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததற்கான ஆதாரம் இருந்தால்தான் மாற்று வீடு என்ற நிலை வந்தபோது, ரேஷன் கார்டும் போட்டோ பாஸும் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் பொருள்களாகிவிட்டன. வேலையிழந்த ஒரு மகன் அந்தக் காகிதத்தைக் கேட்கிறான். பெற்ற தாய் கொடுக்க மறுக்கிறாள். இருவருமே நியாயம் உள்ளவர்கள். ஒரு நாவலைத் தாங்குவதற்கு இது போதும். இதைவிடப் பெரிதாக எதையும் நீங்கள் தேட வேண்டியதில்லை.

இதை மையமாக வைத்துக்கொண்டால், ஐம்பது ஆண்டுகளையும் தொடக்கத்திலிருந்து சொல்லவேண்டிய கட்டாயம் மறைந்துவிடும். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் அளித்தது 2004-இல். கதையின் நிகழ்காலத்தை அங்கே தொடங்கி, வெள்ளத்துக்குப் பிந்தைய சில மாதங்களில் முடித்துக்கொள்ளலாம். தாத்தா ரயிலேறி வந்ததும், பாட்டி முதல் ஈடு இட்லியை இறக்கியதும் அந்தக் காகிதத்தைப் பற்றிய சண்டையில் யாராவது ஒருவர் பழையதைச் சொல்லிக் காட்டும்போது உள்ளே வரட்டும். அப்படி வரும் கடந்த காலத்தை வாசகர் தகவலாகப் படிக்க மாட்டார். அது யாருடைய பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது என்று கவனித்துப் படிப்பார்.

வரலாற்று நிகழ்ச்சிகளை என்ன செய்வது என்பதுதான் கடினமான பகுதி. 1982 ஜனவரி 18-இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் பங்கேற்றார்கள். இதை நாவலில் விளக்குவதற்கு ஒரு பத்தி போதும். சம்பளம் இல்லாத அந்த மாதங்களில் பெரியப்பா வீட்டுக்குள் என்ன செய்தார் என்பதற்குத்தான் அத்தியாயங்கள் வேண்டும். யாரிடமோ கடன் வாங்கி, குடியிருந்த வீட்டை அவர் அடமானம் வைத்திருந்தால், பாட்டி இட்லி விற்ற காசில் அதை மீட்டிருந்தால், இருபது ஆண்டுகள் கழித்துப் பாட்டி மறுப்பதற்கு ஒரு வேர் கிடைக்கும். இது என் ஊகம் மட்டுமே; உங்கள் காரணம் வேறாக இருக்கலாம், ஆனால் ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும். கலவரத்தையும் அதே கேள்வியோடு பாருங்கள். அந்த நாட்களில் தாய்க்கும் மகனுக்கும் இடையே எதுவும் மாறவில்லை என்றால், எவ்வளவு உருக்கமாக எழுதியிருந்தாலும் அந்தப் பக்கங்களைத் தனியே எடுத்து வையுங்கள். அந்தத் துயரத்துக்குத் தனி நூலே எழுதலாம்; இன்னொரு கதைக்குப் பின்னணியாக மட்டும் அதை நிறுத்துவது அதற்கு நியாயம் செய்வதாகாது.

வெள்ளத்தில் உங்களுக்கு ஒரு பெரிய ஆசை காத்திருக்கும். 2005 ஜூலை 26-இல் மும்பையின் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த நீர் காகிதத்தை அடித்துச் சென்றது என்று எழுதி நாவலை முடிக்கத் தோன்றும். தயவுசெய்து அப்படி முடிக்காதீர்கள். பாட்டி எடுக்கவேண்டிய முடிவை மழை எடுத்துவிட்டால், அதுவரை வாசகர் அவரோடு நடந்துவந்தது வீணாகிவிடும். தற்செயல் ஒரு சிக்கலைத் தொடங்கி வைக்கலாம், முற்றவும் வைக்கலாம். தீர்த்து வைக்கக் கூடாது. வெள்ளத்தை முக்கால் பகுதியில் வைத்து, தண்ணீர் ஏறும்போது அந்தக் காகிதத்தை யார் கைப்பற்றுகிறார் என்று எழுதிப் பாருங்கள்.

மூவர் மாறி மாறிக் கதை சொல்வது வேண்டாம் என்பதே என் கருத்து. மூவருமே பேசினால் மூவரின் மனமும் வாசகருக்குத் தெரிந்துவிடும்; பிறகு பாட்டியின் மௌனத்துக்குக் கனமே இருக்காது. பேத்தி மட்டும் சொல்லட்டும். அவளுக்குத் தெரியாதவை அவள் தெரிந்துகொள்ளும் வரிசையில் வரட்டும். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவல் ஹைதராபாத் சமஸ்தானத்தின் கடைசி நாட்களைச் செகந்திராபாத்தில் வாழும் சந்திரசேகரன் என்ற தமிழ் மாணவனுக்கு எட்டிய அளவிலேயே காட்டுகிறது. தமிழகத்துக்கு வெளியே வாழும் குடும்பத்தை எழுதும் நீங்கள் அதை ஒருமுறை அமைப்புக்காகவே படிக்கலாம்.

இனி, கையால் செய்யும் வேலை. ஒரு காட்சிக்கு ஒரு தாள் என்று எடுத்துக்கொண்டு, அதில் யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார், காட்சியின் முடிவில் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பி, ஏதேனும் ஒன்றை உருவிப் பாருங்கள். அது இல்லாமலும் அடுத்த காட்சி அப்படியே நிற்கிறது என்றால் அந்தக் காட்சி தேவையில்லை. நடுப்பகுதியில்தான் நிறையத் தாள்கள் இப்படி உதிரும். அதில் மனம் தளர வேண்டாம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் படித்து வளர்ந்த நமக்கு ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு திடுக்கிடலில் நிறுத்தும் பழக்கம் உண்டு. புத்தகமாகத் தொடர்ந்து படிப்பவருக்கு அது சலிப்பூட்டும்.

முடிவைப் பொறுத்தவரை, கடைசிக் காட்சியின் விவரங்கள் இப்போது தெரிய வேண்டியதில்லை. பாட்டி காகிதத்தைக் கொடுத்தாரா, யாருக்குக் கொடுத்தார், ஏன் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். உண்மையில் அவர் கொடுக்கவில்லை என்பதற்காக நாவலின் பாட்டியும் அப்படியே இருக்கவேண்டும் என்பதில்லை. அந்தக் காலத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் நீங்களே ஒன்றைத் தீர்மானித்து, பெரியப்பா காகிதத்தை முதன்முதலாகக் கேட்கும் காட்சியை எழுதத் தொடங்குங்கள். அது முடியும் வரை பழைய முந்நூறு பக்கங்களைத் திறக்க வேண்டாம்.