விதியா, மூளையா, முயற்சியா?

வணக்கம் ஐயா. என்ர மகன் உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியல் சித்தியடையவில்லை. அம்மா ஏழரைச் சனி என்கிறா. கனடாவில் இருக்கிற அண்ணா, அவனுக்குக் கணக்கு ஓடாது, வேறு ஏதும் படிக்கவிடு என்கிறார். டியூசன் படிப்பிக்கிற சேர், அவன்ர முயற்சி காணாது என்கிறார். மகன் ஒருவரோடும் கதைக்கிறானில்லை. யார் சொல்வது சரி?
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய்

அன்புள்ள தங்கச்சி,

தோற்றவர் எதைக் காரணமென்று நம்புகிறாரோ, அதை வைத்துத்தான் அடுத்து என்ன செய்வார் என்பது அமைகிறது. 1970களில் பேர்னாட் வைனர் என்ற உளவியலாளர் இதை விரிவாக எழுதினார். மூளை, முயற்சி இரண்டும் நமக்குள் இருப்பவை. ஆனால் மூளை மாறாது என்று நினைக்கிறோம்; முயற்சியைக் கூட்டலாம்.

இது ஊருக்கு ஊர் வேறுபடும். 1980 முதல் ஜப்பானின் சென்டாய், தைவானின் தாய்பே, அமெரிக்காவின் மினியாபொலிஸ் பள்ளிகளை ஒப்பிட்டவர்கள், ஆசியத் தாய்மார் முயற்சியையும் அமெரிக்கத் தாய்மார் பிறவித் திறமையையும் கூடுதலாகச் சொன்னதைக் கண்டார்கள். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தோற்ற பிறகு ஜப்பானிய மாணவர்கள் அதே வேலையில் கூடுதல் நேரம் இருந்தார்கள். வட அமெரிக்க மாணவர்கள் வென்றால்தான் அப்படி இருந்தார்கள். அண்ணாவின் பேச்சில் அவர் வாழும் நாடும் கொஞ்சம் இருக்கலாம்.

விதி என்ற சொல்லை நான் கேலி செய்யமாட்டேன். 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த செட்டிகுளம் முகாமில், பக்கத்துக் கூடாரத்தில் பிள்ளையை இழந்த தாய் ஒருவர், "பிள்ளையின்ர விதி" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அந்தச் சொல் இல்லாவிட்டால், "நான்தானே அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனன்" என்பதுதான் அவருக்கு மிஞ்சியிருக்கும். அந்த இடத்தில் விதி அவரைக் காப்பாற்றியது. ஆனால் ஒரு வினாத்தாளுக்கு அதைச் சொன்னால், திரும்ப எழுத வேண்டிய பிள்ளை எழும்பமாட்டான்.

சேர் சொல்வதையும் முழுதாக ஏற்கமாட்டேன். பள்ளியில் ஆசிரியர் இல்லாத பாடத்தில் அவன் தோற்றிருந்தால், முயற்சி காணாது என்பது அநியாயம். பல்கலைக்கழக அனுமதியில் 5 வீத இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதில் உங்கள் முல்லைத்தீவு மாவட்டமும் உண்டு. பிள்ளைக்கு வெளியிலும் காரணம் இருக்கிறதென்று அரசே ஒத்துக்கொண்ட மாதிரித்தானே?

அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்கட்டும், தடுக்காதீர்கள். உயர்தரம் மூன்று தடவை எழுதலாம். நாளைக்கு அந்த வினாத்தாளை எடுத்து வைத்து, எந்தக் கேள்வியில் நின்றாய், அந்தப் பாடத்தை உனக்கு யார் படிப்பித்தது என்று மட்டும் மகனிடம் கேளுங்கள். அவன் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.