ஆய்வுத் தலைப்பைச் சற்றுத் தள்ளி வையுங்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் தரம் 11 வரை வகுப்புகள் உள்ள ஒரு பாடசாலையில் அண்மையில் அதிபராகப் பொறுப்பேற்றேன். பல வருடங்கள் கணிதம் கற்பித்த எனக்கு நிருவாகம் புதிது. கல்வி முகாமைத்துவக் கற்கைநெறி ஒன்றைப் பயின்று வருகிறேன். அதற்காகச் செயல்நிலை ஆய்வு ஒன்றைத் திட்டமிட்டு ஒப்படைக்க வேண்டும். 'தரம் 6 மாணவரின் தமிழ் வாசிப்புத் திறனை மேம்படுத்தல்' என்று தலைப்பு எழுதிவிட்டேன். அந்த வகுப்பில் 27 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் 9 பேருக்கு ஒரு பந்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியவில்லை. ஆனால் தலைப்புக்கு அப்பால் திட்டம் நகரவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "இன்னுமொரு கோவையோ, மடம்?" என்று ஒருவர் கேட்டார், மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்? புள்ளிவிபரச் சோதனைகள் அவசியமா? மாற்றம் எதுவும் ஏற்படாவிட்டால் அறிக்கையில் என்ன எழுதுவது?

பதில்:

அன்புள்ள அதிபர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்த ஆசிரியரின் கேள்வியையும் மற்றவர்களின் மௌனத்தையும் மறைக்காமல் எழுதியிருப்பதுதான். உங்கள் திட்டம் ஏன் நகரவில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் அந்த மௌனத்தில் இருக்கிறது. தலைப்பை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதில் பிள்ளைகள் இருக்கிறார்கள், வாசிப்பு இருக்கிறது, சொல்லாமலே தமிழ் ஆசிரியையும் இருக்கிறார், நீங்கள் இல்லை. தரம் 6இல் வாசிப்பைக் கற்பிப்பவர் அவர். ஆகவே இந்தத் தலைப்பின்படி ஆய்வு நடந்தால், அவருடைய வேலையை நீங்கள் ஆராய்வதாகவே அது முடியும். அதற்கு மேற்பார்வை என்று வேறு பெயர் உண்டு. மேற்பார்வை உங்கள் கடமைகளில் ஒன்றுதான் என்றாலும், அதைச் செயல்நிலை ஆய்வு என்று அழைத்தால் ஆசிரியர்கள் தயங்குவது நியாயமே.

செயல்நிலை ஆய்வு என்ற எண்ணத்தை 1946ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கிய உளவியலாளர் கேர்ட் லெவின், நூல்களை மட்டுமே விளைவிக்கும் ஆய்வு போதாது என்று அதில் வலியுறுத்தினார். திட்டமிட்டு, செய்து, செய்ததன் விளைவைக் கண்டறிந்து, அந்த அறிவோடு மறுபடியும் திட்டமிடுவதே அவர் காட்டிய வழி. 1953இல் அமெரிக்கக் கல்வியியலாளர் ஸ்டீபன் கோரி இதனைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தபோது, தொழிலில் இருப்பவர்கள் தம்முடைய தீர்மானங்களையும் செயல்களையும் வழிப்படுத்தவும் திருத்தவும் தாமே மேற்கொள்ளும் ஆய்வு என்று அதை வரையறுத்தார். 'தம்முடைய' என்ற அந்தச் சொல்லை அதிபர்கள் அடிக்கோடிட்டு வாசிக்க வேண்டும். ஆசிரியை இதனைச் செய்தால் ஆய்வுப் பொருள் அவருடைய கற்பித்தல். நீங்கள் செய்தால் ஆய்வுப் பொருள் உங்கள் தலைமைத்துவம், அதாவது நேரசூசியை நீங்கள் வகுக்கும் விதம், கூட்டங்களை நடத்தும் விதம், ஆசிரியரின் நேரத்தைக் கையாளும் விதம்.

இதை நான் ஏட்டிலிருந்து கற்கவில்லை. பல வருடங்களுக்கு முன்னர் நான் அதிபராக இருந்த பாடசாலையிலும் உங்களுடையதைப் போன்ற ஒரு வகுப்பு இருந்தது. நானும் உங்களைப் போலவே தலைப்பு எழுதி வைத்திருந்தேன். தமிழ் ஆசிரியையின் அனுமதியுடன் கடைசி வாங்கில் இருந்து ஐந்து பாடவேளைகளைப் பார்த்தேன். கையில் வகுப்பின் இருக்கைப் படம் ஒன்று மட்டும் இருந்தது. எந்தப் பிள்ளை சத்தமாக வாசித்தாலும் அந்தப் பிள்ளையின் இடத்தில் ஒரு புள்ளி இட்டேன். முன்வரிசையில் இருந்த ஐந்து பிள்ளைகளின் இடங்களில் புள்ளிகள் நிறைந்தன. பின்வரிசைகள் வெறுமையாக இருந்தன. இதை நான் எதிர்பார்த்தே இருந்தேன். எதிர்பாராதது படத்தின் ஓரத்தில் பதிந்தது. நாற்பது நிமிடப் பாடவேளையின் நடுவே அறிவித்தல் புத்தகத்துடன் ஒரு மாணவன் வாசலில் வந்து நிற்பான். ஆசிரியை வாசிப்பை நிறுத்தி, புத்தகத்தை வாங்கிப் படித்து, கையொப்பமிட்டு, அறிவித்தலைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவார். மறுபடியும் எந்த வரியில் விட்டோம் என்று தேடுவதற்குள் வகுப்பு கலைந்திருக்கும். அந்த ஐந்து பாடவேளைகளில் ஏழு தடவைகள் இது நடந்தது. இரண்டு முறை ஆசிரியை அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டார். அறிவித்தல்களை எழுதியவனும் நான், அழைத்தவனும் நான்.

அன்று மாலை அந்தத் தலைப்பை வெட்டிவிட்டு வேறு ஒரு கேள்வியை எழுதினேன்: வகுப்பறை நேரம் குலையாதிருக்க அதிபராகிய நான் என்னுடைய எந்த நடைமுறைகளை மாற்ற வேண்டும்? அறிவித்தல்கள் காலைப் பிரார்த்தனைக்குப் பின்னர் ஒரே தடவை வாசிக்கப்படும் என்றும், அவசரமில்லாத எதற்கும் பாடவேளையில் ஆசிரியரை அழைப்பதில்லை என்றும் தீர்மானித்து, எட்டு வாரங்கள் குறித்து வந்தேன். குறுக்கீடுகள் பெருமளவு குறைந்தன. ஆனால் மறுபடியும் இருக்கைப் படத்தை நிரப்பியபோது, அதே முன்வரிசைப் பிள்ளைகளே வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்த நேரம் பின்வரிசைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் படத்தை ஆசிரியையிடம் கொடுத்தேன். அடுத்த சுற்றை அவரே எடுத்துக்கொண்டார், இருவர் இருவராக வாசிக்கவைக்கும் முறையை அவரே கண்டறிந்தார். நான் முதலில் என் பங்கைத் திருத்தியதை அவர் பார்த்திருந்தபடியால்தான் அந்தப் படத்தைக் குற்றச்சாட்டாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

ஆகவே, தலைப்பைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு வாரங்கள் பாருங்கள். உங்கள் பாடசாலையில் அறிவித்தல் புத்தகம் ஒரு பிரச்சினையாகவே இல்லாதிருக்கலாம். விடுப்பில் நிற்பவரின் வகுப்புக்குத் தமிழ் ஆசிரியையை அடிக்கடி அனுப்புகிறீர்களா, தமிழ்ப் பாடம் பிள்ளைகள் களைத்துப்போகும் கடைசிப் பாடவேளைகளில் விழுந்துள்ளதா, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சி எந்தப் பாடங்களைத் தின்கிறது, நூலகத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பவற்றையெல்லாம் பாருங்கள். அவற்றிலிருந்து வரும் கேள்வி மூன்று தேர்வுகளில் தேற வேண்டும். அதற்கான செயல் உங்கள் கையில் இருக்க வேண்டும்; ஒரு தவணைக்குள் ஏதாவதொரு மாற்றத்தைக் கண்ணால் காணக்கூடியதாக இருக்க வேண்டும்; அதன் விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கக் கூடாது. மூன்றாவதையே பலர் தவறவிடுகிறார்கள். 'வாசிப்பு முகாம் நடத்தினால் வாசிப்பு மேம்படும்' என்று முடிவு செய்துவிட்டு ஆய்வைத் தொடங்குபவர், முகாமின் புகைப்படங்களை இணைத்து அறிக்கையை முடித்துவிடுவார். அதில் அவர் அறிந்துகொண்டது ஒன்றும் இராது.

அந்த 9 பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'தடுமாறுகிறார்கள்' என்பது ஒரு கணித ஆசிரியைக்குப் போதுமான தரவு அல்ல. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, தரம் 4 மட்டத்திலுள்ள, அவர்கள் முன்னர் பார்த்திராத ஒரு சிறு பந்தியை வாசிக்கச் சொல்லி, எங்கே நிற்கிறார்கள் என்று உங்கள் பிரதியில் அடையாளமிடுங்கள். ஒரு பிள்ளை கொம்பு வரும் எழுத்துக்களில் நிற்கும்; குறி முன்னே கண்ணில் படுகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இன்னொரு பிள்ளை எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்துவிட்டு, என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கும். மூன்றாவது பிள்ளைக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியாதிருக்கலாம். அதற்கு ஆய்வு வேண்டாம், கண் பரிசோதனை வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று ஆங்கிலத்துக்காக வகுத்த அளவுகோல்களைத் தமிழில் அப்படியே பொருத்தாதீர்கள். உருபுகளும் விகுதிகளும் ஒட்டி நீளும் நம்முடைய சொல் ஒன்று, அங்கே மூன்று நான்கு சொற்களுக்குச் சமமாகிவிடும். முடிவில் மறுபடி பார்க்கும்போது அதே மட்டத்தில் வேறு ஒரு பந்தியைக் கொடுங்கள்; பழைய பந்தி மனப்பாடமாகியிருக்கும்.

பார்த்தவற்றை ஒரே பக்கத்திலிருந்து நம்பவும் வேண்டாம். உங்கள் குறிப்பு, ஆசிரியையின் சொல், பிள்ளைகளின் சொல் ஆகிய மூன்றும் ஒன்றையே காட்டினால் துணிந்து எழுதலாம். மூன்றும் வேறுபட்டால், அந்த வேறுபாடுதான் நீங்கள் மேலும் ஆராய வேண்டிய இடம்.

இனி, அதிபர் ஆய்வாளராகும்போது எழும் தனிச் சிக்கலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசிரியரின் விடுமுறைப் பத்திரத்தில் கையொப்பமிடுபவரும் அவருடைய செயலாற்றுகையை மதிப்பிடுபவரும் நீங்களே. 'விரும்பினால் பங்குபற்றலாம்' என்று நீங்கள் சொல்வதை அவர்கள் 'பங்குபற்றாவிட்டால் பார்த்துக்கொள்கிறேன்' என்று கேட்கக்கூடும். அது உங்கள் குணத்தால் அல்ல, உங்கள் கதிரையால். ஆகவே, ஆய்வுக்காகச் சேர்க்கும் எதுவும் செயலாற்றுகை மதிப்பீட்டுக்குப் பயன்படாது என்று கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாது எழுத்திலும் கொடுங்கள். அவதானிப்புக் குறிப்பை அன்றே ஆசிரியைக்குக் காட்டுங்கள். அவர் திருத்தச் சொன்னால் அவருடைய கூற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். பெற்றோருக்குத் தெரிவியுங்கள். அறிக்கையில் பிள்ளைகளின் பெயர்கள் வேண்டாம். சிறிய ஊரில் பெயரில்லாவிட்டாலும் 'கடைக்காரரின் மகள்' என்ற குறிப்பே போதும், எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் அதிகாரத்துக்கு வெளியே உள்ள ஒருவர், அயற்பாடசாலை அதிபரோ ஆசிரிய ஆலோசகரோ, மாதம் ஒருமுறை உங்கள் குறிப்புகளைப் படித்து, 'இதை வேறு விதமாகவும் விளங்கலாமே' என்று சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் ஆசிரியர்கள் அதைச் சொல்லத் துணிவதற்குக் காலம் எடுக்கும்.

உங்களிடமுள்ள இன்னொரு வளத்தையும் கவனியுங்கள். கல்வியியற் கல்லூரியில் பயின்று வந்த இளம் ஆசிரியர் யாராவது உங்களிடம் இருந்தால், கட்டுறுப் பயிற்சிக் காலத்தில், அதாவது பாடசாலையொன்றில் பயிற்சியாகக் கற்பித்த காலத்தில், அவர் செயல்நிலை ஆய்வொன்றைச் செய்திருக்க வாய்ப்புண்டு. அது என்னவாயிற்று என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதே ஒரு தொடக்கம்.

காலத்தைத் திட்டமிடும்போது நாட்காட்டியை முன்னே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் பார்த்தல், ஒரு வாரம் ஆசிரியர்களுடன் பேசித் தீர்மானித்தல், ஆறு முதல் எட்டு வாரம் செய்துகொண்டே குறித்தல், அதன்பின் ஒரு வாரம் மீளச் சிந்தித்தல் என்பது ஒரு தவணைக்குள் அடங்கும். முடிவு அவதானிப்பை ஐப்பசி, கார்த்திகை மழையில் வைத்துவிட்டால், வெள்ளம் நின்ற ஒழுங்கைகளால் வராத பிள்ளைகள் உங்கள் முடிவையே மாற்றிவிடுவார்கள். தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரமும் உகந்ததல்ல.

புள்ளிவிபரச் சோதனை தேவையில்லை. 27 பிள்ளைகள் கொண்ட ஒரு வகுப்பிலிருந்து மாகாணம் முழுவதற்கும் பொதுமுடிவு சொல்ல நீங்கள் முனையவில்லை. எண்ணுங்கள், அட்டவணையிடுங்கள், 'நூற்றுக்கு இத்தனை வீதம் உயர்ந்தது' என்று எழுதுவதைவிட '9 பேரில் 4 பேர் இப்போது நிற்காமல் வாசிக்கிறார்கள், 3 பேரில் மாற்றமில்லை, 2 பேர் இடைநடுவே பாடசாலை மாறினார்கள்' என்ற வகையில் எழுதுவது நேர்மையானது. கட்டுப்பாட்டுக் குழு என்று ஒன்றை வைத்து, பயன் தரும் என்று நீங்கள் நினைக்கும் மாற்றத்தை ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு மறுக்கவும் வேண்டாம்.

மாற்றம் ஏற்படாவிட்டால் அதையே எழுதுங்கள். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்று எண்ணுகிறேன், அடுத்த தவணையில் எதை மாற்றுவேன் என்ற வரிசையில் எழுதினால், 'மாற்றமில்லை' என்பதே இரண்டாவது சுற்றின் திட்டமாகிவிடும். என் எட்டு வாரங்களின் பின்னர் நான் எழுதியதும் அதுதான். ஒப்படையை மதிப்பிடுபவர் வெற்றியை எதிர்பார்ப்பார் என்ற அச்சத்தில் எண்களைத் திருத்தினால், புள்ளிகள் கிடைக்கலாம். பின்வரிசைப் பிள்ளை அங்கேயே இருக்கும்.

வருகிற திங்கட்கிழமை, தமிழ் ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு, தரம் 6இன் இருக்கைப் படத்தை ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் இருங்கள். கைத்தொலைபேசியை அலுவலகத்தில் விட்டுவிட்டுப் போங்கள். இரண்டு வாரக் குறிப்புகள் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தக் கேள்வி உங்களுடையது என்பதை அப்போது சேர்ந்து பார்ப்போம், தலைப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.