பழைய அமெரிக்க மசில் காரை (பெரிய இன்ஜின் போட்ட வேகக் கார்) விற்கப் போனால் ‘நம்பர்ஸ் மேட்சிங்கா?’ என்று கேட்கிறார்களே, அது என்ன?

தொழிற்சாலையில் வண்டியோடு வந்த அதே இன்ஜின்தான் இன்னும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1969 செவ்ரலே கமாரோ கார் என்றால் வண்டியின் சேஸிஸ் எண்ணில் ஒரு பகுதியை இன்ஜின் பிளாக்கிலும் குத்தியிருப்பார்கள், கிரீஸைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்து, டேஷ்போர்டில் இருக்கும் சேஸிஸ் எண்ணோடு ஒத்துப்போனால் சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றுவார்கள், ஏனென்றால் அப்படி மிஞ்சியவை குறைவு. பல வருடம் வைத்திருந்து பெரிய இன்ஜின், டிஸ்க் பிரேக், ஏசி என்று மாற்றிய வண்டியை வாங்குவது வேறு கூட்டம், ஓட்டி அனுபவிக்க நினைப்பவர்கள். அவர்களிடமும் செலவுக் கணக்கு எடுபடாது. நம் அளவுக்குத் தைத்த சட்டைக்குத் தையல்கூலியை யார் தருவார்? கழற்றிய பழைய இன்ஜின் கொட்டகையில் கிடந்தால் அதையும் சேர்த்தே விற்றுவிடுங்கள், இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். அப்புறம், எண் ஒத்துப்போனாலே ஒரிஜினல் என்று பலர் நம்புகிறார்கள்; பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்துபவர்களும் உண்டு.