ஒரே சாப்பாடு, எடை வேறுபட்ட இரு பிள்ளைகள்: உடலில் ஏற்படும் அழற்சி ஒன்றாக இருக்குமா?

உங்கள் மகன் எடை கூடியவன், மகள் ஒல்லி. இருவரும் ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார்கள். அதனால் உண்டாகும் அழற்சி, அதாவது நோய் எதிர்ப்பு அணுக்கள் தூண்டப்பட்டு உடலில் ஏற்படும் எதிர்வினை, மகனுக்கு மட்டும் அதிகமாகுமா, அவனுக்குத் தனியாகச் சமைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதிகமாகும், ஆனால் தனியாகச் சமைக்க வேண்டாம். சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கான உணவு ஆலோசனையில் நீண்ட காலமாக ஈடுபட்டிருப்பவள் என்ற முறையில் காரணத்தை விளக்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பிக்கடையில் புரோட்டாவைச் சீனியில் தொட்டுத் தின்று, கூடவே ஐஸ் மைலோவும் குடிக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் இரத்தச் சர்க்கரை உச்சத்தைத் தொடும். இரத்தத்திலுள்ள கொழுப்பு மூன்று நான்கு மணி நேரம் வரை ஏறிக்கொண்டிருக்கும். அந்தக் கொழுப்போடு குடலிலுள்ள பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகளும் சிறிதளவு இரத்தத்தில் கலப்பதால், வெள்ளை அணுக்கள் விழிப்படைந்து இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்களை வெளியிடுகின்றன. இது எல்லா உடலிலும் நடப்பதுதான். அளவான எடையுள்ள பிள்ளைக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும்.

எடை கூடிய பிள்ளையின் உடலிலோ, சாப்பிடுவதற்கு முன்பே தணல் கனன்றுகொண்டிருக்கிறது. பெருத்துப்போன கொழுப்பு அணுக்களுக்குப் போதிய பிராணவாயு கிடைப்பதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. அந்தத் திசுவே அழற்சிச் சமிக்ஞைகளைச் சுரக்கத் தொடங்குகிறது. (பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் இது 1993ல் கண்டறியப்பட்டது.) இன்சுலின் சரிவர வேலை செய்யாததால் உணவின் கொழுப்பும் இரத்தத்திலிருந்து மெதுவாகவே அகல்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டின் அழற்சி முழுவதும் அடங்குவதற்குள் அடுத்த நொறுக்குத் தீனி வந்துவிடுகிறது என்பதே என் பெரிய கவலை.

இதற்காக இரத்தப் பரிசோதனை கேட்டு அலைய வேண்டாம். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம், சாப்பிட்ட சில மணி நேரத்தில் பெரிதாக மாறுவதில்லை. சாதாரணச் சளிக் காய்ச்சலிலேயே அது ஏறிவிடும். அதைவிட மகனின் பின்கழுத்தைப் பாருங்கள். அங்கும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி போல இருந்தால், அது இன்சுலின் எதிர்ப்பின், அதாவது இன்சுலின் சரிவர வேலை செய்யாததன், அடையாளமாக இருக்கலாம். நம் வீடுகளில் அதை அழுக்கென்று எண்ணிக் கடலை மாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையை அழவைக்கிறோம். தேய்த்தால் அது போகாது. அப்படி இருந்தால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துத் தேவைப்பட்டால் சிறார் மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

மகள் ஒல்லி என்பதால் அவளுக்கு எதுவும் ஆகாது என்றும் இருந்துவிடக் கூடாது. புனேயில் பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவும் இங்கிலாந்தின் சௌதாம்டனில் பிறந்தவை 3.5 கிலோவும் இருந்தபோதிலும், புனேக் குழந்தைகளின் உடலில் தசை குறைந்திருந்த அளவுக்குக் கொழுப்பு குறைந்திருக்கவில்லை. இந்திய உடல்வாகில் எடைத்தராசு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை.

அண்ணன் தட்டில் கீரையும் தங்கை தட்டில் பொரித்த கோழியும் வைப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்துப் பயிற்சி கொடுத்த திட்டம், கேலிக்கும் மனவேதனைக்கும் இடமளித்ததாகக் குறைகூறப்பட்டது. அதே பிரிவினையைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

முதலில் பானங்களை மாற்றுங்கள். பானங்களுக்கு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேடு முத்திரையில் ‘டி’ என்றால் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் தண்ணீரே போதும். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தவிடு நீக்காத தானியம், கால் பங்கு மீன், கோழி, பருப்பு என்ற சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அளவு நம் சமையலுக்கும் பொருந்தும்: சோற்றைக் குறைத்து, சாம்பாரில் காயைக் கூட்டி, பொரியலை முதலில் பரிமாறுங்கள். சாப்பிட்டபின் புளோக்கைச் சுற்றிக் குடும்பமாக நடந்தால், தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மகன் உயரமாக வளரும் வயதில் இருப்பதால், எடை குறையாவிட்டாலும், ஏறாமல் நின்றாலே பல பிள்ளைகளுக்குப் போதுமானது. அவன் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை மருத்துவர் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்துச் சொல்லட்டும்.