விழுந்து மூன்று வாரம் கழித்துத் தலைவலி: அன்று எடுத்த ஸ்கேன் போதுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. மூன்று வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி மல்லாந்து விழுந்ததில் பின்னந்தலையிலும் இடுப்பிலும் அடிபட்டது. அன்றே எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். சில நாள்களாகத் தலைவலி, தலைச்சுற்றல், நடையில் தள்ளாட்டம், கால்களும் மரத்துப்போகின்றன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மறுபடியும் ஸ்கேன் தேவையா?

பதில்: தேவை, அதுவும் நாளை, மறுநாள் என்று தள்ளாமல் இன்றே. அன்றைய ஸ்கேன் அன்று மண்டைக்குள் ரத்தக்கசிவு தென்படவில்லை என்பதை மட்டுமே சொல்லும். அதன் பிறகு நடந்ததற்கு அது சாட்சியாகாது.

வயது கூடக்கூட மூளை சற்றுச் சுருங்குவதால், அதன் மேற்பரப்பிலிருந்து மூளையுறைக்குச் செல்லும் மெல்லிய சிரைகள் இழுபட்ட நிலையிலேயே இருக்கும். விழுந்த குலுக்கலில் அவற்றில் ஒன்று கிழிந்தால், ரத்தம் மெதுவாகக் கசிந்து, உறைக்கு அடியில் வாரக்கணக்கில் தேங்கி, பிறகுதான் மூளையை அழுத்தத் தொடங்கும். உங்கள் தந்தை சாப்பிடும் மாத்திரை இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. அதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கோ மூளைக்கோ செல்லும் ரத்தக்குழாய் அடைபடும் அபாயத்தையும் எடைபோட்டு மருத்துவரே அதை முடிவு செய்ய வேண்டும். தேக்கம் பெரிதாக இருந்தால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்துவிடலாம். பலர் நன்கு தேறிவிடுகிறார்கள். மறதியும் தள்ளாட்டமும் வந்தால் "வயதாகிவிட்டது" என்று வீட்டார் விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை தருவது.

படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் சுற்றல் என்றால், அது உட்காதில் நுண்துகள்கள் இடம்பெயர்ந்ததால் இருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட நிலைகளில் திருப்பும் பயிற்சியிலேயே அது சரியாகும். ஆனால் ஸ்கேனுக்கு முன் அப்படி நினைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம்.

கால் மரத்துப்போவதைத் தனியாகச் சொல்லுங்கள். எலும்பு தேய்ந்தவர்களுக்கு முதுகெலும்பு நசுங்கியிருப்பது முதல் நாள் எக்ஸ்ரேயில் பிடிபடாமலும் போகலாம். சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்திருந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனாலோ, நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று கருதி உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாந்தி, குழறும் பேச்சு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத உறக்கம் ஆகியவற்றுக்கும் அப்படியே.

பழைய ஸ்கேன் படத்தையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள்; இந்தக் கட்டத்தில் தேங்கிய ரத்தம் படத்தில் மூளையின் நிறத்திலேயே தெரியக்கூடும் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படம் உதவும்.