பம்ப் புதுசு, வயர் பழசு

கேள்வி: 1993 செவ்ரோலே சி1500 பிக்கப், 5.7 லிட்டர் டிபிஐ (த்ராட்டில் பாடியில் பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜின். காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது. ஓட்டத்திலும் சில நேரம் அணைகிறது. பெட்ரோல் பம்ப்பை மாற்றியும் தீரவில்லை. எங்கே பார்க்கலாம்?
– வாசகர், டொராண்டோ

பதில்: சாவியை ஆன் செய்ததும் பம்ப் 2 நொடி உறும வேண்டும். சத்தமே இல்லை, ஆனால் நெடுநேரம் செல்ஃப் அடித்தால் கிளம்புகிறது என்றால் பம்ப்புக்குக் கரண்ட் விடும் ரிலேயையும் அதன் சாக்கெட்டையும் சந்தேகியுங்கள். ஆயில் பிரஷர் ஏறியதும், அதை உணரும் சுவிட்ச் வழியாகவும் பம்ப்புக்குக் கரண்ட் போகும். வண்டி கிளம்புவது அதனால்தான்.

சத்தம் வந்தால், அடுத்தது டேங்க் மேலுள்ள கனெக்டர். டேங்க்கை இறக்குவதைவிடப் பின்பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்குவது சுலபம். கனெக்டரைப் பிரிக்காமல், பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி, பம்ப் ஓடும்போதே அளக்க வேண்டும். பிரித்து அளந்தால் ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். பம்ப்புக்குக் கரண்ட் தரும் சாம்பல் வயருக்கும் எர்த்தான கறுப்புக்கும் இடையே, பேட்டரி வோல்ட்டைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. கறுப்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.2 வோல்ட் தாண்டினால் சேஸிஸ் எர்த்தை (கறுப்பு வயர் வண்டிச் சட்டத்தில் இணையும் இடத்தை) சுரண்டிப் புதுப்பியுங்கள். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு முதலில் தின்பது அதைத்தான்.

கனெக்டரின் உலோக முள் கறுத்து, பிளாஸ்டிக் உருகியிருந்தால் எமரிபேப்பரால் தேய்ப்பது வீண். பிடிப்புத் தளர்ந்த முள் மறுபடி சூடாகும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, புதிய கனெக்டரை அதே தடிமன் வயருடன் கிரிம்ப் செய்து (நசுக்கி இணைத்து), பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம், டேங்க் அருகே சுடரும் சால்டரிங்கும் வேண்டாம். கடைசியாக பெட்ரோல் பிரஷர் பாருங்கள்: 9 முதல் 13 பிஎஸ்ஐ.