அறைக்கு அடியில் போகும் காவிரிக் குழாய்: கேள்வி பதில்

பெங்களூரில் வீட்டை இழுத்துக் கட்டியபோது, மீட்டரிலிருந்து சம்புக்கு (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கு) போகும் காவிரிக் குடிநீர்க் குழாயைப் புது அறைக்கு அடியிலேயே விட்டுவிட்டவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ப்ளம்பிங் வேலையில் நீண்ட அனுபவம் உள்ள நம் உறுப்பினர் பதிலளிக்கிறார்.

அல்சூர்: தண்ணீர் வரும் நாளில் சம்ப் நிறைய முன்பைவிட இரு மடங்கு நேரமாகிறது. அறைக்கு அடியில் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். கசிவா, அடைப்பா?

தண்ணீர் வரும்போது சம்பின் வால்வை முழுவதும் மூடிவிட்டு, மூடியைத் திறந்து ஒரு சொட்டும் விழவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மீட்டர் முகப்பிலுள்ள சிறு சக்கரத்தைப் பாருங்கள். அது சுற்றிக்கொண்டே இருந்தால், தண்ணீர் மண்ணுக்குள் போகிறது என்று பொருள். அசையாமல் நின்றால் பெரும்பாலும் துரு அடைப்புதான். அண்மையில் நான் அறுத்தெடுத்த அரை அங்குல ஜி.ஐ. குழாய் ஒன்றில், செங்கல் நிறத் துரு கட்டிகட்டியாக ஏறி, பென்சில் நுழையும் அளவுக்குக்கூட வழி இல்லை.

ஸ்ரீராமபுரம்: கசிவு உறுதியாகிவிட்டது. தரையை உடைத்துத்தான் ஆகவேண்டும் என்கிறார் மேஸ்திரி.

உடைக்க வேண்டாம், அம்மா. ஓரிடத்தில் துருவேறி ஓட்டை விழுந்த குழாய் அடுத்த ஆண்டு வேறோர் இடத்தில் விடும். அப்போது மறுபடியும் டைல்ஸை உடைப்பீர்களா? பழைய குழாயின் இரு முனைகளையும் அடைத்து அப்படியே மண்ணில் விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிப் புதுக் குழாய் கொண்டுபோங்கள். ஐ.எஸ். 4984 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள எச்.டி.பி.இ. (வளையக்கூடிய பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குழாய் சுருளாகக் கிடைப்பதால், மீட்டரிலிருந்து சம்ப் வரை நடுவில் இணைப்பே இல்லாமல் போட்டுவிடலாம். வெள்ளை பி.வி.சி.யை வெயில் படும்படி விடாதீர்கள். சில ஆண்டுகளில் நொறுங்கும். மீட்டருக்கு முன்னுள்ள பகுதியைத் தொடவேண்டுமானால், குடிநீர் வாரியத்தின் அனுமதியும் உரிமம் பெற்ற ப்ளம்பரும் வேண்டும்.

வியாலிகாவல்: இரு பக்கமும் சுவரோடு சுவர். சுற்றிப்போக இடமே இல்லை.

முதலில் அறைக்குள்ளேயே சுவரோரமாக, தரையை ஒட்டி ஒரு குழாய் போகமுடியுமா என்று பாருங்கள். மேலே ஏற்றிக் கூரையோரமாகக் கொண்டுபோக வேண்டாம். நம் தெருக்களில் வரும் அழுத்தத்துக்கு அவ்வளவு உயரம் ஏறுவது சந்தேகம், அதற்காகத்தானே சம்பையே தரைக்குக் கீழே கட்டுகிறோம். தரைக்கடியில்தான் போகவேண்டும் என்றால், 110 மி.மீ. பி.வி.சி. குழாயை உறையாகப் பதித்து, அதற்குள் எச்.டி.பி.இ. குழாயைச் செருகுங்கள். உறைக்குள் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. உறை வெளிப்பக்கம் சற்றே சரிந்திருந்தால், நாளை கசிந்தாலும் தண்ணீர் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். அஸ்திவாரத்தைவிட ஆழமாக அதன் ஓரத்தில் பள்ளம் தோண்டுவதை மட்டும் எந்த மேஸ்திரி சொன்னாலும் அனுமதிக்காதீர்கள்.

மர்பி டவுன்: பழைய குழாய்க்குள்ளேயே புதியதை நுழைக்கலாமா?

அரை அங்குலக் குழாயில் முடியாது.

ஜீவன்பீமா நகர்: தண்ணீர் வந்ததும் முதல் சில நிமிடம் கலங்கலாக, சாக்கடை வாடையோடு வருகிறது.

ஐயா, மற்ற எல்லோரையும்விட நீங்கள்தான் அவசரப்படவேண்டும். தண்ணீர் வரும் நாளில் குழாய் வெளியே கசிகிறது. வராத நாளில் குழாய் வெறுமையாகி, சுற்றியுள்ள ஈரமண்ணின் அழுக்கை அதே ஓட்டை வழியாக உள்ளே இழுக்கிறது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, சுத்திகரித்து மேடேற்றிக் கொண்டுவரும் காவிரித் தண்ணீர் உங்கள் வாசலுக்கு வந்தபின் கெடுகிறது. இன்றே குடிப்பதை நிறுத்துங்கள். சம்பைக் காலிசெய்து தேய்த்துக் கழுவி, குளோரின் இட்டு, அதன் பிறகே நிரப்புங்கள். புதுக் குழாய் போடும்போது கழிவுநீர்க் குழாயிலிருந்து விலகியும், குறுக்கே கடக்கும் இடத்தில் அதற்கு மேலாகவும் போகட்டும்.

எல்லோருக்கும் ஒன்று: தண்ணீர் வரும் ஒரு நாள் கழியும்வரை பள்ளத்தை மூடவிடாதீர்கள். வால்வை மூடி முழு அழுத்தத்தில் ஒவ்வோர் இணைப்பையும் காகிதத்தால் துடைத்துப் பார்த்து, சுவரிலிருந்து குழாய்வரை அளவுநாடாவை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு மண்ணைத் தள்ளச் சொல்லுங்கள்.